சிபேப், மின்வெட்டு, நான்கு மணி நேரக் கணக்கு

ஒருவழியாக மருத்துவச் செலவுக்காக நாங்கள் சந்தா கட்டும் மருத்துவத் திட்டத்திலிருந்து கடிதம் வந்துவிட்டது. தூக்கத்தில் மூச்சு தடைபடுகிறவர்களுக்கு முகமூடி வழியாகக் காற்றை அழுத்தித் தரும் சிபேப் இயந்திரத்துக்குப் பணம் தருகிறார்கள். ஜோஹன்னஸ்பர்க் பக்கத்து லெனேசியாவில் இதே அலைச்சலில் இருப்பவர்கள் இன்னும் சிலர் உண்டு, அவர்களுக்காக எழுதுகிறேன்.

தூக்கப் பரிசோதனையும் நிபுணரைப் பார்த்ததும் சிக்கலில்லாமல் முடிந்தன. மணிக்கு 38 தடவை மூச்சு தடைபடுகிறது என்றது அறிக்கை. 30-ஐத் தொட்டாலே தீவிரம்தான். சிபேப் இயந்திரத்தைச் சோதனைக்குக் கொடுத்தார்கள். இரவுக்கு நான்கு மணி நேரமாவது போட்டுத் தூங்கியதாகப் பதிவு காட்டினால்தான் எங்கள் திட்டம் பணம் கட்டும். தொல்லை அங்கேதான் ஆரம்பித்தது.

அது 2023 ஜூலை, தென்னாப்பிரிக்காவில் ஆறாம் கட்ட மின்வெட்டு, அதாவது ஒரே நாளில் பல தடவை முறைவைத்து கரண்டை நிறுத்திய காலம். நடுராத்திரி கரண்ட் போகும், இயந்திரம் நிற்கும், மூச்சு முட்டி விழிப்பேன். முகமூடியைக் கழற்றிவிட்டுப் படுத்தால் அப்புறம் விடியும்வரை வெறும் மூக்குதான். போதாததற்கு ஜோஹன்னஸ்பர்க் குளிர். இயந்திரத்திலிருந்து வரும் ஈரக் காற்று குழாயில் தண்ணீராகி மூக்கில் சொட்டும். கடையில் கேட்டால் 'பழகிவிடும்' என்பதே பதில்.

திட்ட அலுவலகத்தில் சராசரி நேரம் குறைவு என்று நிராகரித்துவிட்டார்கள். மின்வெட்டைச் சொன்னேன். கவுண்டரில் இருந்தவர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை. "அதற்குப் படிவத்தில் இடம் இல்லை" என்றார். நாடே இருட்டில் கிடக்கும்போது இப்படி ஒரு பதில்! இன்னும் ஆறவில்லை எனக்கு.

இயந்திரத்தைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று இருந்தபோதுதான் கோயிலில் ஓர் அக்கா என் மனைவியிடம் பேசியிருக்கிறார். அவர் வீட்டுக்காரருக்கும் சிபேப்தானாம். இதைப் போடும் சிலர் மாதம் ஒருமுறை அவர்கள் வீட்டில் கூடுகிறார்கள். போனேன். டீயைக் கொடுத்த கையோடு, எலெக்ட்ரீஷியனாக இருந்து ஓய்வுபெற்ற அண்ணா ஒருவர் என்னை சோபாவில் படுக்கச் சொன்னார். முகமூடியை மாட்டி, இயந்திரத்தை ஓடவிட்டு, காற்று கசியும் இடத்தில் விரலை வைத்துப் பார்த்துப் பார்த்து வாரை இழுத்தார். கடையில் நாற்காலியில் உட்காரவைத்து அளவு பார்த்திருந்தார்கள். படுத்தால் கன்னத்தின் சதை சரியும், அளவே மாறிவிடும். இதை அதுவரை யாரும் எனக்குச் சொல்லவில்லை.

குழாயைப் போர்வைக்குள் விடுங்கள், இயந்திரத்தைக் கட்டிலைவிடத் தாழ்வாக வையுங்கள், சொட்டுவது நிற்கும் என்றார்கள். நின்றது. பேட்டரியில் ஓட்டும்போது காற்றை ஈரமாக்கத் தண்ணீரைச் சூடாக்கும் பகுதியை அணைத்துவிட வேண்டும், கரண்டைக் குடிப்பது பெரும்பாலும் அதுதான். முகமூடி போட்டாலே பயம் வருகிறது என்று அங்கே ஒரு பெண் அழுதார். சாயங்காலம் டிவி பார்க்கும்போது கொஞ்ச நேரம் போட்டுப் பழகுங்கள் என்று பக்கத்தில் இருந்தவர் தன் கதையையே சொன்னார். அவரும் இதைக் கட்டிலுக்கடியில் தள்ளிவைத்திருந்தவராம்.

பணம் வந்தது அண்ணாவின் யோசனையால்தான். சராசரி மட்டும் போட்ட ஒரு பக்க அறிக்கையை நம்பாதீர்கள். ஒவ்வொரு இரவும் எத்தனை மணிக்கு ஓடியது, எப்போது நின்றது என்ற விவரம் இயந்திரத்தின் மெமரி கார்டில் இருக்கிறது, அதை அச்சிட்டுக் கேளுங்கள். கடைக்காரர் முடியாது என்றார். அண்ணா கூடவே வந்து நின்றார், முடிந்தது. எங்கள் பகுதி மின்வெட்டு அட்டவணையைப் பக்கத்தில் வைத்து, இயந்திரம் நின்ற நேரங்களைச் சிவப்புப் பேனாவால் வட்டமிட்டோம். நிமிடக் கணக்கில் பொருந்தியது. திட்டத்தின் முதன்மை அதிகாரிக்கே அனுப்பினேன். கவுண்டரில் கொடுக்காதீர்கள். அங்கேயும் நடக்காவிட்டால் மருத்துவத் திட்டங்களுக்கான கவுன்சிலில் புகார் கொடுக்கலாம், கட்டணம் கிடையாது. எனக்கு அதுவரை போக வேண்டியிருக்கவில்லை.

கூட்டத்துக்கு வருகிறவர்கள் முகமூடியையும் கார்டையும் கொண்டுவாருங்கள். பேட்டரியை முன்கூட்டியே வாங்கிவிடாதீர்கள். 12 வோல்ட்டில் ஓடுவதும் உண்டு, 24 வோல்ட்டில் ஓடுவதும் உண்டு. இயந்திரத்தின் அடியில் எழுதியிருப்பதைப் பார்த்து அண்ணா சொன்ன பிறகு வாங்கலாம்.