12 நிமிடத்தில் ஒரு ஏரி

பழவேற்காடு ஏரியின் பெரும்பகுதி ஆந்திராவில்தான் இருக்கிறது. சூளூர்பேட்டைப் பக்கம் அதன் நீரில் எவ்வளவு உப்பு என்று அளப்பது எங்கள் குழுவின் வேலை. பூநாரை எண்ணுகிறவர்கள், மீன்வளம் படிக்கிறவர்கள் எல்லாரும் கூடும்போது எங்கள் முடிவுகளையும் சொல்ல வேண்டும். பேச்சுக்கு 12 நிமிடம், கேள்விக்கு 3. இளையவர்களின் ஒத்திகையைக் கேட்டுத் திருத்துவது என் பொறுப்பு.

டச்சுக்காரர் காலத்தில் தொடங்கி ஏரியின் பெருமை முழுவதையும் பாடிவிட்டுத்தான் பலர் விஷயத்துக்கு வருகிறார்கள். எதிரே இருப்பவர்களில் சிலர் அந்தக் கரையிலேயே பிறந்தவர்கள். அவர்களுக்கு ஏரியை அறிமுகம் செய்வானேன்? எந்த இடத்தில், எந்த மாதம் தண்ணீர் எடுத்தோம், என்ன தெரிந்தது? அங்கிருந்து தொடங்கினால் போதும்.

மற்றதெல்லாம் வரைபடத்தில் இருக்கிறது. கோடையில் முகத்துவாரத்தை மணல் அடைக்கும். ஆழமில்லாத வடபகுதி வெயிலில் வற்றும். கடல்நீரில் லிட்டருக்கு ஏறக்குறைய 35 கிராம் உப்பு. அங்கே அதையும் தாண்டிவிடும். வடகிழக்குப் பருவமழையில் ஆரணி ஆறும் காளங்கியும் நன்னீர் கொண்டுவந்ததும் மளமளவென்று இறங்கும். இந்த ஏற்ற இறக்கத்துக்கு ஒரே ஒரு படம் போதும். ஆனால் படம் திரையில் விழுந்த கணமே "இங்கே பாருங்க, ஏறுது" என்கிறார்கள். கேட்பவரோ எந்த அச்சில் என்ன என்று இன்னும் தேடிக்கொண்டிருப்பார். கீழே மாதம், பக்கவாட்டில் உப்பு, 35-இல் ஓடும் புள்ளிக்கோடு கடலின் அளவு என்று முதலில் சொல்லிவிட்டு, ஒரு மூச்சு நிறுத்த வேண்டும். அந்தப் புள்ளிக்கோட்டைக் கோடை தாண்டுவதை அவர்களே கண்டுபிடித்துவிடுவார்கள். (அட்டவணையை அப்படியே ஒட்டி, "இது சரியாத் தெரியாது, மன்னிக்கணும்" என்பவர்களை என்ன சொல்ல? தெரியாததை ஏன் காட்ட வேண்டும்?)

கேள்விகளுக்குத்தான் எல்லாரும் பயப்படுகிறார்கள். சக ஆய்வாளர்கள் கேட்பது பெரும்பாலும் முறையைப் பற்றித்தான்: உப்பளக்கும் கருவியான ரிஃப்ராக்டோமீட்டரைக் காய்ச்சி வடித்த நீர் வைத்துச் சரிபார்த்தீர்களா? மாதிரி எடுத்த இடம் எந்த ஊரார் பாடு, அதாவது முறைவைத்து மீன் பிடிக்கும் இடம்? இதற்கெல்லாம் பதில் குறிப்பேட்டிலேயே இருக்கும்.

"குறிப்பேட்டில் இல்லாததைக் கேட்டா என்ன பண்றது அண்ணா?" என்றாள் புதிதாகச் சேர்ந்த பெண்.

"அளக்கலைன்னு சொல்லு. அளந்தா எப்படி அளப்பேன்னும் சேர்த்துச் சொல்லு."

அவள் பேச்சில் அப்படியே ஒரு கேள்வி வந்தது: பூநாரைகள் அதிகம் நிற்கும் சேற்றுத் திட்டில் உப்பு எவ்வளவு? அளக்கவில்லை என்றாள், அளக்கும் வழியையும் சொன்னாள். அந்தக் கேள்வியைக் கேட்டவர் டீ குடிக்கும்போதே தன் படகில் அவளுக்கு ஓர் இடம் ஒதுக்கிவிட்டார்.