தாம்பத்யமும் பிரஷர் மெஷினும்

தண்டுவடத்தில் அடிபட்டவர்களுக்கு பிசியோதெரபி கொடுப்பது என் வேலை. நடப்பேனா, புண் எப்போது ஆறும் என்பதையெல்லாம் டாக்டர் ரவுண்ட்ஸ் வரும்போதே கேட்டுவிடுவார்கள். நான் காலை மடக்கி நீட்டிக்கொண்டிருக்கும்போது, பக்கத்துக் கட்டில்காரர் தூங்குகிறாரா என்று பார்த்துவிட்டுக் கேட்பது வேறு. "சார், வீட்டுக்காரிகூட பழையபடி இருக்க முடியுமா?"

தென்னையிலிருந்து விழுந்தவர், பைக்கில் போய்க் கழுத்து முறிந்தவர் என்று பாதிப்பேர் இளவயதுக்காரர்கள். கேட்காமல் இருந்தால்தான் ஆச்சரியம். 2004-இல் அமெரிக்காவில் கிம் ஆண்டர்சன் வெளியிட்ட ஆய்வில், கால்கள் மட்டும் செயலிழந்தவர்கள் எல்லாவற்றுக்கும் முதலாகத் திரும்ப வேண்டும் என்றது நடையை அல்ல, தாம்பத்யத்தைத்தான்.

முடியும் என்று சொல்லிவிடலாம். விறைப்பைத் தரும் அனிச்சைச் செயல் தண்டுவடத்தின் அடியில், எஸ்2 முதல் எஸ்4 வரை என்று எண்ணிட்ட கணுக்களில் இருக்கிறது. அடி அதற்கு மேலே என்றால், தொடும்போது விறைப்பு வர வாய்ப்புண்டு. ஆனால் டி6-இலோ (நெஞ்சுப் பகுதியின் ஆறாவது கணு) அதற்கு மேலேயோ அடிபட்டவரிடம் அதோடு நிறுத்தக்கூடாது. அவருடைய வழக்கமான பிரஷரே, மேல் அளவு, பெரும்பாலும் 90, 100 என்றுதான் இருக்கும். விந்து வெளியேறும் நேரத்தில் அது தடாலென்று ஏறலாம். ரத்தக் குழாய்களைத் தளர்த்தச் சொல்லி மூளை அனுப்பும் உத்தரவு, அடிபட்ட இடத்தைத் தாண்டிக் கீழே போவதில்லை. மண்டையைப் பிளக்கும் தலைவலி, முகச் சிவப்பு, வியர்வை. உடனே நிறுத்தி, நிமிர்த்தி உட்காரவைத்து, இறுக்கமான துணியைத் தளர்த்தி, மூத்திரப்பை நிறைந்திருக்கிறதா என்று பார்க்கவேண்டும். இறங்காவிட்டால் ஆஸ்பத்திரிதான்.

அங்கேதான் மாத்திரை விவகாரம் வரும். விறைப்புக்கான சில்டெனாஃபில் மாத்திரையை மெடிக்கல் ஷாப்பில் தானாகவே வாங்கிப் போட்டுக்கொள்கிறவர்கள் உண்டு. ஏறிய பிரஷரை இறக்க நைட்ரேட் மருந்து கொடுப்பது வழக்கம். சில்டெனாஃபில் போட்ட 24 மணி நேரத்துக்குள், அதே வகையான டடலாஃபில் என்றால் 48 மணி நேரத்துக்குள் அதைக் கொடுத்தால் பிரஷர் அதலபாதாளத்துக்குப் போய்விடும். வெட்கப்பட்டு மறைப்பதும் இந்த மாத்திரையைத்தான்.

பெண்கள் என்னிடம் கேட்டதே இல்லை. சில மாதங்களில் மாதவிடாய் திரும்பும், கருத்தரிக்க முடியும், பிரசவ வலியிலும் இதே பிரஷர் ஏறலாம் என்பதை எங்கள் நர்ஸ் அக்காதான் எடுத்துச் சொல்வார்.

இப்போதெல்லாம் வீட்டுக்குப் போகிறவருக்குப் பிரஷர் பார்க்கும்போது மனைவியையும் கூப்பிட்டுக்கொள்கிறேன். வழக்கமான அளவு இவ்வளவு, இதிலிருந்து 20, 30 ஏறினாலே கவனிக்கணும்மா என்று எழுதிக் கொடுக்கிறேன். 120 இருந்தால் நார்மல்தானே என்று ஆஸ்பத்திரியில் யாராவது திருப்பி அனுப்பினால், அந்தச் சீட்டை நீட்டவேண்டியவர் அவர்தான்.