சீசன் முடிந்த பிறகு தொடங்கும் ஏசி தொழில்

பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளியானதும் ஏசி பழுது குறித்த அழைப்புகளுக்கு இடையே வேறொரு வகை அழைப்பும் எனக்கு வரத் தொடங்கும். "என் பையனை ஏசி மெக்கானிக் படிப்பில் சேர்க்கலாமா சார்? நல்ல வருமானம் வருமா?" என்று பெற்றோர்கள் கேட்பார்கள். சேர்க்கலாம் என்பதே என் பதில். ஆனால் அவர்கள் கேட்கும் நேரம் கத்திரி வெயில் நேரம். தெருவுக்குத் தெரு மெக்கானிக்கை எதிர்பார்த்துக் காத்திருக்கும் வீடுகளைப் பார்த்துவிட்டுத்தான் இந்தக் கேள்வி அவர்களுக்குத் தோன்றுகிறது. மார்ச் முதல் ஜூன் வரை ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்த எவருக்கும் தமிழ்நாட்டில் ஏசி வேலை கிடைக்கும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் யாருக்கு வேலை இருக்கிறது என்று பார்த்தால்தான் இத்தொழிலில் யார் நிலைத்திருக்கிறார், யார் வந்துபோகிறார் என்பது விளங்கும். எனவே பிள்ளையை அனுப்ப நினைப்பவர்களும், ஏற்கெனவே ஹெல்பராகச் சேர்ந்துவிட்ட தம்பிகளும், சீசன் அல்லாத எட்டு மாதங்களை மனத்தில் வைத்து இதைப் படிக்க வேண்டும்.

நுழையும் வழிகள் இரண்டு. ஐடிஐயில் ரெஃப்ரிஜிரேஷன் அண்டு ஏர் கண்டிஷனிங் மெக்கானிக் பிரிவு இரண்டாண்டுப் படிப்பு; பத்தாம் வகுப்புத் தேர்ச்சி போதும். முடித்தபின் 1961ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டத்தின்கீழ் ஏதாவதொரு நிறுவனத்தில் அப்ரண்டிஸாகச் சேர்ந்து, உதவித்தொகையுடன் பயிற்சி பெற்று, தேசிய அளவில் செல்லுபடியாகும் சான்றிதழைப் பெறலாம். மேலே படிக்க விரும்பினால் பாலிடெக்னிக் டிப்ளமோவில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரும் வாய்ப்பும் உண்டு. மற்றொரு வழி, தெரிந்த மெக்கானிக்கிடம் "அண்ணே, நானும் வரேன்" என்று சொல்லிப் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போவது. இத்தொழிலில் உள்ளவர்களில் பெரும்பகுதியினர் இந்த இரண்டாம் வழியில் வந்தவர்களே. அதில் இழிவு எதுவும் இல்லை. குறை ஒன்று மட்டும் உண்டு: அண்ணனுக்கு எவ்வளவு தெரியுமோ அவ்வளவுதான் தம்பிக்கும் தெரியவரும், அண்ணனின் தவறான பழக்கங்களும் அப்படியே கைமாறும். ஐடிஐயில் படித்தவரிடமோ குறை வேறு வகையானது. குளிர்பதனச் சுழற்சியின் வரைபடத்தைத் தாளில் பிழையின்றி வரைவார், ஆனால் மூன்றாம் மாடி சன்ஷேடில் அவுட்டோர் யூனிட்டை நிறுத்தச் சொன்னால் தயங்குவார். இரண்டையும் சேர்த்துப் பெற முடிந்தவர் முதல் ஐந்தாண்டுகளிலேயே மற்றவர்களைவிட வெகுதூரம் போய்விடுகிறார்.

தவறான பழக்கங்கள் என்றேன். அவற்றில் முதலிடம் கேஸ் நிரப்புவதற்கே. ஏசி சரியாகக் குளிர்விக்கவில்லை என்றால் வாடிக்கையாளரே "கேஸ் தீர்ந்துபோயிருக்கும், போட்டுவிடுங்கள்" என்கிறார். மெக்கானிக்கும் சிலிண்டரை மாட்டி டாப்-அப் செய்து பணம் வாங்கிக்கொண்டு போகிறார். ஏசிக்குள் இருக்கும் கேஸ் பெட்ரோலைப்போலச் செலவாகும் பொருள் அன்று. மூடிய குழாய்களுக்குள் அது திரவமாகவும் ஆவியாகவும் மாறி மாறிச் சுற்றிக்கொண்டிருக்கிறது. கசிவு இருந்தால் ஒழியக் குறைவதற்கு வழியே இல்லை. கசிவு எங்கே என்று தேடாமல் மேலும் நிரப்புவது அடுத்த சீசனுக்கும் அதே வீட்டில் அதே வேலையை உறுதி செய்துகொள்வதற்குச் சமம். சிலர் அதைத் திட்டமிட்டே செய்கிறார்கள் என்பதும் எனக்குத் தெரியும். மேலும், குளிர்ச்சி குறைவதற்குக் கேஸ் காரணமாக இல்லாத வேளைகளே அதிகம்: தூசி அடைத்த ஃபில்டர், அழுக்கேறிய கண்டன்சர் காயில், திறன் குன்றிய கப்பாசிட்டர், அறைக்குப் போதாத டன் அளவு, அவுட்டோர் யூனிட்டின் வெப்பக்காற்று வெளியேற இடமின்றித் திரும்ப அதற்குள்ளேயே போவது என்று பட்டியல் நீளும். இவற்றையெல்லாம் பார்த்து விலக்கிய பிறகு கேஸின் அழுத்தத்தை அளக்கும் கேஜை மாட்டுபவரே மெக்கானிக்.

கசிவைச் சரிசெய்யும் முறையிலும் ஒருவரின் தரம் தெரிந்துவிடும். நைட்ரஜன் செலுத்தி அழுத்தம் குறையாமல் நிற்கிறதா என்று பார்த்து, சோப்பு நுரையால் கசியும் இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். நைட்ரஜனுக்குப் பதிலாக ஆக்ஸிஜன் சிலிண்டரை மாட்டியவர்கள் உயிரை விட்டிருக்கிறார்கள், ஏனெனில் கம்ப்ரசர் எண்ணெயும் அழுத்தமேறிய ஆக்ஸிஜனும் சேர்ந்தால் வெடிக்கும். இந்த ஒரு வரியை மட்டும் எந்த ஹெல்பரும் மறக்கக் கூடாது. காப்பர் பைப்பைச் சூடாக்கி ஒட்டவைக்கும் பிரேசிங் வேலையின்போதும் உள்ளே நைட்ரஜனை மெல்ல ஓடவிட வேண்டும். இல்லாவிட்டால் குழாயின் உட்புறத்தில் தாமிர ஆக்ஸைடு கருப்பாகப் படிந்து, அந்தத் துகள் கேப்பிலரி என்னும் மெல்லிய குழாயில் போய் அடைக்கும். பிறகு வாக்குவம் பம்ப். காற்றையும் ஈரத்தையும் வெளியேற்றுவதற்காக 500 மைக்ரான் (உள்ளே எஞ்சும் அழுத்தத்தின் அளவு) வரை வெற்றிடம் இழுக்க வேண்டும் என்பது பாடம். நடைமுறையில் பலர் கொஞ்சம் கேஸைத் திறந்துவிட்டு "ஏர் போயிருச்சு" என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். ஆர் 22 என்ற கேஸில் ஓடிய பழைய இயந்திரங்களில் இருந்த மினரல் எண்ணெய் இந்த அலட்சியத்தை ஓரளவு பொறுத்துக்கொண்டது. பின்னர் வந்த ஆர் 410ஏ, ஆர் 32 கேஸ்களுடன் பயன்படும் பாலியோல் எஸ்டர் எண்ணெய் ஈரத்தை இழுத்துக்கொள்ளும் தன்மையுடையது. அந்த ஈரம் அமிலமாகி மோட்டார் சுற்றின் இன்சுலேஷனை அரிக்கிறது. இரண்டாண்டு கழித்துக் கம்ப்ரசர் போகும்போது, பழி கம்பெனியின்மேல் விழும்.

கேஸ்களின் கதையை இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனெனில் இன்று படிப்பில் சேரும் பையனின் பணிக்காலம் முழுவதும் இதைச் சுற்றியே அமையப்போகிறது. ஓசோன் படலத்தைக் காக்க 1987இல் உருவான மான்ட்ரியல் உடன்படிக்கையால் ஆர் 22 படிப்படியாக விலக்கப்படுகிறது. அதன் இடத்துக்கு வந்த ஆர் 410ஏ ஓசோனைக் கெடுப்பதில்லை, ஆனால் புவியைச் சூடாக்கும் திறன் கார்பன் டை ஆக்ஸைடைப்போல ஏறத்தாழ 2,000 மடங்கு. இப்போது பெரும்பாலான வீட்டு ஏசிகளில் உள்ள ஆர் 32க்கு அந்த அளவு 675. சில இயந்திரங்களில் உள்ள ஆர் 290 புரோப்பேனேதான். அதன் வெப்பமாக்கும் திறன் மிக மிகக் குறைவு, எரியும் தன்மையோ மிக அதிகம். மான்ட்ரியல் உடன்படிக்கைக்கு 2016இல் கிகாலியில் ஏற்பட்ட திருத்தத்தை இந்தியா 2021இல் ஏற்றுக்கொண்டது. அதன்படி 2032 முதல் படிப்படியாகக் குறைத்து, 2047க்குள் ஆர் 410ஏ, ஆர் 32 போன்ற ஹைட்ரோஃபுளோரோ கார்பன்களின் பயன்பாட்டில் 85 விழுக்காட்டைக் குறைக்க வேண்டும். கேஸ் மாறும்போதெல்லாம் அழுத்தம் மாறும், எண்ணெய் மாறும், கருவி மாறும், ஆபத்தின் வகையும் மாறும். ஆர் 22இல் கைப்பழக்கத்தால் ஓட்டியவர்கள், ஆர் 32 வந்தபோது எடைத்தராசு வைத்து கிராம் கணக்கில் நிரப்பக் கற்றுக்கொள்ள வேண்டியதாயிற்று. கற்றுக்கொள்ள மறுத்தவர்கள் தண்ணீர் அடித்துக் கழுவும் வாட்டர் சர்வீஸ் செய்பவர்களாகவே நின்றுவிட்டார்கள். 2019இல் வெளியான இந்தியக் குளிரூட்டல் செயல்திட்டம் ஒரு லட்சம் சர்வீஸ் தொழிலாளர்களுக்குப் பயிற்சியும் சான்றிதழும் தருவதை இலக்காக வைத்தது. மத்தியச் சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் ஓசோன் பிரிவின் வழியாக இத்தகைய பயிற்சிகள் நடக்கின்றன. மழைக்காலத்தில் இப்படியொரு பயிற்சி அறிவிக்கப்பட்டால் அரைநாள் கூலி போகிறதே என்று பார்க்காமல் போய் உட்கார வேண்டும்.

மின்சாரத்தைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஆனால் முக்கியத்துவம் குறைவு என்பதால் அன்று. ஏசி மெக்கானிக் என்பவர் பாதிக்கு மேல் எலக்ட்ரீஷியன். இன்வெர்ட்டர் ஏசி வந்தபின் பிசிபி எனும் மின்னணு போர்டைப் படிக்கத் தெரியாதவருக்குப் பெரிய வேலை எதுவும் கிடைப்பதில்லை. சந்தேகம் வந்தாலே போர்டை மாற்றிவிடும் பழக்கத்தால் வாடிக்கையாளர் வீணாகச் செலவழிக்கிறார். அவுட்டோர் போர்டில் உள்ள கப்பாசிட்டர்கள் மெயினை அணைத்த பிறகும் சில நிமிடங்களுக்கு 300 வோல்ட்டுக்கு மேல் வைத்திருக்கும். மீட்டர் வைத்துப் பார்க்காமல் கை வைக்கலாகாது. கையில் முதலில் சேரும் பணத்தில் ஒயரைக் கவ்வி ஆம்பியர் காட்டும் நல்ல கிளாம்ப் மீட்டர் வாங்குங்கள். கேஜ் செட், வாக்குவம் பம்ப், எடைத்தராசு எல்லாம் அதற்குப் பிறகு வரட்டும். உயரத்தில் வேலை செய்ய உடல் முழுவதையும் தாங்கும் சேஃப்டி பெல்ட்டையும் அதே நாளில் வாங்கிவிடலாம். அது இல்லாமல் சன்ஷேடில் இறங்கச் சொல்லும் முதலாளியிடம் வேலை பார்க்கத் தேவையில்லை.

இனி, மழைக்கால வேலைக்கு வருகிறேன். வில்லிஸ் கேரியர் 1902இல் நியூயார்க்கின் புரூக்ளினில் அமைத்த முதல் நவீன ஏசி மனிதர்களுக்காக உருவானதன்று; ஈரப்பதம் ஏறி இறங்கியதால் காகிதம் சுருங்கி விரிந்து வண்ணங்கள் விலகி அச்சான ஓர் அச்சகத்துக்காக உருவானது. இத்தொழிலின் நிலையான வருமானம் இன்றும் மனிதரல்லாத வாடிக்கையாளர்களிடமே இருக்கிறது. பாலைக் கறந்த சிறிது நேரத்தில் 4 டிகிரிக்குக் கொண்டுவர வேண்டும். பெரும்பாலான தடுப்பூசிகளை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும். புளியும் வற்றல் மிளகாயும் கிடங்கில் கெடாமல் இருக்க வேண்டும். இவை எவற்றுக்கும் கத்திரி, மார்கழி என்ற வேறுபாடு கிடையாது. எங்கள் கோவை வட்டார நூற்பாலைகளில் ஈரப்பதம் குறைந்தால் நூல் அறும், ஆகையால் காற்றில் ஈரத்தைக் கூட்டும் ஹியூமிடிஃபிகேஷன் பிளான்ட் ஆண்டு முழுவதும் ஓடியாக வேண்டும். கடலோர ஊர்களின் மீன்பிடித் துறைமுகங்களை ஒட்டிய ஐஸ் ஃபேக்டரிகளில் குளிர்விக்கும் கேஸாக அம்மோனியா ஓடுகிறது. அது நச்சுவாயு என்பதால் அந்த வேலை தெரிந்தவர்கள் குறைவு, மதிப்பு அதிகம். சென்னையின் அம்பத்தூரிலும் சிறுசேரியிலும் உள்ள தரவு மையங்களில் குளிரூட்டி சில நிமிடங்கள் நின்றாலே சர்வர்கள் தாங்காது. மருத்துவமனை ஆபரேஷன் தியேட்டரோ குளிர்ச்சியோடு காற்றின் தூய்மையையும் அழுத்தத்தையும் கேட்கிறது.

இந்த இடங்களுக்குள் நுழைய வேண்டுமானால் ஸ்பிளிட் ஏசியைத் தாண்டிக் கற்க வேண்டும். குளிர்காற்றைப் பெரிய காற்றுக்குழாய்களில் அனுப்பும் டக்டபிள், விஆர்எஃப், அதன்பின் பெரிய கட்டடங்களுக்கான சில்லர் என்பது வழக்கமான படிநிலை. விஆர்எஃப்பில் ஓர் அவுட்டோருக்குப் பல இன்டோர்கள் இருப்பதால் பைப்பின் நீளம், கிளை, கம்யூனிகேஷன் வயரிங் என்று ஒவ்வொன்றிலும் வரைபடம் படிக்கத் தெரிய வேண்டும். சில்லரில் குழாய்களில் ஓடுவது தண்ணீர். பம்ப், கூலிங் டவர், நீரின் உப்புத்தன்மை ஆகியவையும் உங்கள் பொறுப்பாகிவிடும். சில்லர் ஆபரேட்டராக இரவு ஷிஃப்டில் சேர்பவருக்குத் தொடக்கச் சம்பளம் சீசன் மெக்கானிக்கின் மே மாத வருமானத்தைவிடக் குறைவாகவே தோன்றும். ஆனால் ஒவ்வொரு மணி நேரமும் அழுத்தமும் வெப்பநிலையும் குறித்துவைக்கும் அந்த லாக் புக், ஓர் இயந்திரம் நலமாக இருக்கும்போது எண்கள் எப்படி இருக்கும் என்பதைக் கற்றுத்தரும். பழுதான இயந்திரத்தை மட்டுமே பார்த்துப் பழகிய மெக்கானிக்குக்கு அந்த அறிவு கிடைக்காது.

வளைகுடா நாடுகளுக்குப் போக விரும்புபவர்களிடம் நான் தடுத்துப் பேசுவதில்லை. சில்லர், விஆர்எஃப் அனுபவம் அங்கே விரைவாகக் கிடைக்கும். போகும் வழியில் ஏமாறாமல் இருந்தால் போதும். மத்திய அரசின் இமைக்ரேட் தளத்தில் பதிவு பெற்ற ஏஜென்ட்தானா என்று பார்க்க வேண்டும். சட்டப்படி அவர் வாங்கக்கூடிய சேவைக்கட்டணம் 30,000 ரூபாயும் அதற்குரிய ஜிஎஸ்டியும் மட்டுமே. தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமும் ஆட்களை அனுப்புகிறது. விசிட் விசாவில் போய்ப் பின்னர் மாற்றிக்கொள்ளலாம் என்று யார் சொன்னாலும் நம்ப வேண்டாம். அமீரகத்தில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை நண்பகல் 12.30 முதல் 3 மணி வரை வெட்டவெளியில் வேலை வாங்கத் தடை இருக்கிறது என்பதையும் தெரிந்துகொண்டு போவது நல்லது.

சொந்தமாகத் தொழில் தொடங்குபவர்கள் பெரும்பாலும் மார்ச் மாதத்தில் பேனர் அடிக்கிறார்கள். என்னைக் கேட்டால் ஆகஸ்டில் தொடங்குவேன். சீசனில் புதிய வாடிக்கையாளர் வருவார், ஆனால் அவரைக் கவனிக்க நேரம் இருக்காது. அவசரத்தில் செய்த இன்ஸ்டலேஷனில் டிரெயின் பைப் சரிவு தவறிச் சுவரில் தண்ணீர் ஒழுகும், அந்த வீடு அத்தோடு போய்விடும். ஓய்வான மாதங்களில் வங்கிக் கிளைகள், பள்ளிகள், கிளினிக்குகள், சிறு கடைகள் என்று நேரில் சென்று ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம் பேசலாம். ஒப்பந்தத்தில் பெரிய வாட்டர் சர்வீஸை ஜனவரி, பிப்ரவரியில் வைத்துவிட்டால் சீசன் தொடங்கும்போது அந்த இயந்திரங்களால் தொல்லை வராது, வருமானமும் பன்னிரண்டு மாதங்களுக்குப் பரவிவிடும். ஒவ்வோர் இயந்திரத்துக்கும் ஆம்பியர், அழுத்தம், காற்றின் வெப்பநிலை மூன்றையும் எழுதிய அட்டை ஒன்றை இன்டோர் யூனிட்டின் ஓரத்தில் ஒட்டி வையுங்கள். அடுத்த முறை வருபவர் நீங்களாக இருந்தாலும் வேறொருவராக இருந்தாலும் அது உதவும். ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு கட்டாயம். அலுவலகங்களும் நிறுவனங்களும் பில் இல்லாமல் வேலை தராது என்பதால், அதற்கு முன்பே பதிவு செய்துகொள்பவர்களும் உண்டு.

உடம்பைப் பற்றியும் யோசிக்க வேண்டும். நாற்பத்தைந்து வயதுக்கு மேல் அவுட்டோரைத் தோளில் தூக்கி மாடியேறுவது யாருக்கும் எளிதன்று. முழங்காலும் இடுப்பும் முதலில் கணக்குக் கேட்கும். அதற்குள் அறையின் வெப்பச்சுமையை, அதாவது ஹீட் லோடைக் கணக்கிட்டு எஸ்டிமேட் போடவோ, சூப்பர்வைசராகச் சைட் நடத்தவோ, ஐடிஐ பயிற்றுநர்களுக்கான ஓராண்டுப் படிப்பை முடித்துக் கற்பிக்கவோ தகுதி சேர்த்துக்கொள்ள வேண்டும். ஒரு டன் என்பது மணிக்கு 12,000 பிடியு வெப்பத்தை வெளியேற்றும் திறன் என்று தெரிந்த மெக்கானிக்குகள் ஏராளம். மேற்குப் பார்த்த சுவரும் மேல்தளக் கூரையும் உள்ள 150 சதுர அடி அறைக்கு எத்தனை டன் வேண்டும் என்று தாளில் கணக்குப் போட்டுக் காட்டுபவர்கள் சிலரே. வேலை கேட்டு வரும் தம்பிகளிடம் நான் கேட்கும் கேள்வியும் அதுதான். விடை தெரியாவிட்டாலும் சேர்த்துக்கொள்வேன், அந்தக் கணக்கைக் கற்றுக்கொடுப்பதை அடுத்த மழைக்காலத்துக்கு வைத்துக்கொள்வோம்.