சிலம்புக்குள் என்ன: ஒரு பட்டறை நாட்குறிப்பு

மே 8, வியாழன்

இறுதி ஆண்டுச் செயற்றிட்டத்துக்குச் சிலம்பு செய்யப்போகிறேன் என்று இன்று எழுதிக் கொடுத்துவிட்டேன். கல்லடியில், சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தில், என்னோடு காட்சிக்கலை படிக்கிறவர்கள் பலர் ஓவியம், சிற்பம் என்று போகிறார்கள். எனக்கு உடம்பில் ஏறுகிற பொருள்தான் வேண்டும். சுவரில் தொங்குவதைத் தள்ளி நின்று பார்க்கலாம். காலில் போட்டதோடு நடந்தாக வேண்டும்.

"சிலம்பு நூதனசாலையில் கிடக்கு. நீங்கள் அதில் புதுசா என்ன சொல்லப் போறீங்கள்?" என்று மிஸ் கேட்டார். நல்ல கேள்வி. அந்த இடத்தில் சொல்ல என்னிடம் ஒரே பதில்தான் இருந்தது: இந்த நிறுவகம் யாருடைய பெயரில் இருக்கிறதோ அவர், காரைதீவில் பிறந்தவர், சிலப்பதிகார வரிகளை வைத்துக்கொண்டு மறைந்துபோன யாழை மீட்டுக் கணக்கிட்டு எழுதினார். யாழ்நூல் 1947இல் வந்தது. பாட்டிலிருந்து ஒரு பொருளை உருவாக்கலாம் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது.

மே 13, செவ்வாய்

நூலகத்தில் சமகால நகைக்கலை பற்றிய படங்கள். ஒல்லாந்தில் கெய்ஸ் பக்கரும் எம்மி வான் லீர்சமும் 1967இல் அலுமினியத்தில் பெரிய கழுத்தணிகள் செய்து அம்ஸ்டர்டாமின் ஸ்டெடலிக் அருங்காட்சியகத்தில் காட்டினார்கள். நகை என்றால் பொன்னும் கல்லும் என்ற எண்ணத்தை அசைத்தவர்களில் இவர்கள் முக்கியமானவர்கள். 1973இல் பக்கர் இன்னும் ஒரு படி போனார். தங்கக் கம்பியைக் கையில் இறுகக் கட்டிக் கழற்றினால் தோலில் தடம் விழுமே, அந்தத் தடம்தான் நகை என்றார்.

என்னைப் பிடித்து இருத்தியது ஒட்டோ குன்ஸ்லி 1980இல் செய்த காப்பு. கறுப்பு ரப்பர் குழாயை வளைத்திருக்கிறார், உள்ளே ஒரு தங்கக் குண்டு. வெளியே தெரிவது ரப்பரில் ஒரு புடைப்பு மட்டும். 'தங்கம் கண்ணைக் குருடாக்கும்' என்று பெயர். உள்ளே இருப்பது தங்கம்தானா என்று பார்க்க வேண்டுமென்றால் காப்பை வெட்ட வேண்டும்.

படத்தைப் பார்த்த உடனே எனக்குக் கண்ணகை அம்மன்தான் நினைவுக்கு வந்தா. உடைத்தால்தான் உண்மை தெரியும் என்ற நகை எங்கள் கதையில் எத்தனையோ காலமாக இருக்கிறது.

மே 18, ஞாயிறு

ஊருக்கு வந்திருக்கிறேன். அம்மாவின் காப்புகளைக் கேட்டு வாங்கிப் படம் எடுத்தேன். இந்தக் காப்புகளுக்கு ஒரு பயணப் பாதை உண்டு. பெரும்போக விதைப்புக்கு அடகுக்குப் போகும், வேளாண்மை வெட்டி நெல் விற்றதும் திரும்பி வரும். வெட்டுச் சரியில்லாத வருடங்களில் வட்டியை மட்டும் கட்டிவிட்டு அங்கேயே இருக்க விடுவார்கள். வட்டி கட்டிய துண்டுகளை அம்மா அலுமாரிக்குள் ஒரு பிஸ்கட் டின்னில் வைத்திருக்கிறா.

ஐரோப்பியக் கலைஞர்கள் தங்கத்தை மறுத்ததை மதிக்கிறேன். பணத்தைக் கழுத்தில் தொங்கவிட்டுக் காட்டுவது அங்கே அவர்களுக்கு உறுத்தியது. ஆனால் அந்த மறுப்பை அப்படியே இங்கே கொண்டுவந்து வைக்க எனக்கு மனமில்லை. இங்கே பெண்ணின் கையில் இருக்கும் பொன்தான் விதைநெல், பள்ளிக்கூடச் செலவு, ஆசுபத்திரிச் செலவு எல்லாம். "எத்தனை பவுண்?" என்ற கேள்வியைக் கேவலமாகப் பார்க்கிற நகைக்கலை எங்கள் ஊருக்கு உதவாது. அந்தக் கேள்விக்குப் பக்கத்தில் இன்னொரு கேள்வியை வைக்க வேண்டும். உள்ளுக்குள் என்ன இருக்கிறது என்ற கேள்வி.

சரி, முடிவாகிவிட்டது. மூன்று சிலம்பு. வெளியே மூன்றும் ஒன்றுபோல. ஒன்றுக்குள் வெள்ளிப் பரல் (குலுக்கினால் சத்தம் போடும் சின்ன மணிகள்), ஒன்றுக்குள் நெல், ஒன்றுக்குள் சுருட்டிய வட்டித் துண்டுகள். அம்மா ஓம் என்றுவிட்டா.

மே 24, சனி

பகல் முழுக்க எங்கள் ஒழுங்கையில் உள்ள நகைப் பட்டறையில். பட்டறைத் தட்டார் ஐயாவுக்கு இப்போது வருவது பெரும்பாலும் அறுந்த சங்கிலியைப் பற்றவைக்கிற வேலைதான். புது நகையெல்லாம் கடையிலேயே அச்சில் வந்துவிடுகிறது.

பரல்களைக் கணவாய் ஓட்டில் வார்த்தோம். கடற்கரையில் பொறுக்கிய ஓடுகளை நல்ல தண்ணீரில் ஊறப்போட்டு, உப்பும் நாற்றமும் போனபின் வெயிலில் காயவைத்திருந்தேன். ஈரம் இருந்தால் உருகிய வெள்ளி பட்டதும் ஆவி கிளம்பித் தெறிக்கும். ஒரு பக்கம் ஓடு, மறுபக்கம் நகத்தால் கீறினாலே உதிர்கிற வெண்மை. இரண்டு ஓடுகளின் மெதுவான பக்கங்களை ஒன்றோடு ஒன்று தேய்த்துத் தேய்த்து, வெளிச்சம் புகாத அளவுக்குச் சமமாக்க வேண்டும். மடி முழுக்க வெள்ளைப் பொடி. பிறகு நடுவில் குன்றிமணிகளை வைத்து இரண்டு ஓட்டையும் அமுக்கினால் பாதி இதிலும் பாதி அதிலும் பதியும். பொன் நிறுத்த குன்றிமணியையே பரலுக்கு அச்சாக எடுக்கலாம் என்றது ஐயாவின் யோசனை. கேட்டதும் எனக்கு உடம்பு சிலிர்த்தது.

மணிகளை எடுத்துவிட்டு, வெள்ளி இறங்க ஒரு வாய்க்காலும் காற்று வெளியேற மெல்லிய கீறல்களும் வெட்டி, இரும்புக் கம்பியால் இறுகக் கட்டினோம். மூசையில், அதாவது உருக்கும் கிண்ணத்தில், வெண்காரம் தூவி வெள்ளியை உருக்கினார் ஐயா. 962 பாகை செல்சியசில் வெள்ளி உருகும். பட்டறையில் வெப்பமானி கிடையாது. திரண்டு, கண்ணாடிபோல் மினுங்கி, மூசையைச் சாய்க்கும்போது ஓடினால் சரி. ஊற்றியதும் மயிர் கருகிய மணம், அதோடு கொஞ்சம் கடல் மணம். கட்டை அவிழ்த்தபோது ஓட்டின் உள்பக்கம் கறுத்திருந்தது, ஓர் அச்சில் ஒருமுறைதான் வார்க்கலாம். பரல்களின் மேல் கணவாய் வளர்ந்த வரிகள் மெல்லிய அலையாகப் பதிந்திருந்தன. அதை அரத்தால் தேய்க்க வேண்டாம் என்று இருவரும் ஒரே நேரத்தில் சொன்னோம்.

மே 29, வியாழன்

சிலம்பின் உடலுக்கு, பிரிஜ் திருத்துகிறவர்கள் பாவிக்கிற அரை அங்குலச் செப்புக் குழாய். அதற்குள் காய்ந்த மணலை இறுக நிரப்பி, இரு பக்கமும் அடைத்து, மரக்கட்டையைச் சுற்றி வளைத்தால் நசுங்காமல் வளைகிறது. பழைய வேலையில் மணலுக்குப் பதில் அரக்கு ஊற்றுவார்களாம்.

மூடுவதில்தான் யோசனை தேவைப்பட்டது. முழுக்க மூடிய வெற்றுக் குழாயைச் சூடாக்கினால் உள்காற்று விரிந்து வெடிக்கலாம். அப்புறம், நெல்லும் கடதாசியும் தீயைத் தாங்காது. ஆகவே ஒரு முனையை முதலிலேயே பற்றாசுப் பொடி வைத்துப் பற்றவைத்தோம். பொருளைப் போட்டபின் மறுமுனைக்கு மூடி போட்டு, குறுக்கே ஆணி விட்டு இரு தலையையும் தட்டித் தறைகிறோம். தீயே இல்லாத வேலை. திருகாணியாக இருந்தால் கழற்றலாம். தறைந்த ஆணியை அறுத்துத்தான் எடுக்க வேண்டும். எனக்கு வேண்டியதும் அதுதான்.

யூன் 4, புதன்

கண்ணகை அம்மன் கோயில் கதவு திறந்தாயிற்று. வருடத்தில் ஒருமுறை, இந்த வைகாசிச் சடங்குக்குத்தான் திறக்கிறது. இரவு, கண்ணகை கதையைச் சொல்லும் வழக்குரைப் பாட்டைப் படித்தார்கள். ஐயாவும் வந்திருந்தார். பாண்டியன் சபையில் சிலம்பு உடைகிற இடம் வந்ததும் கூட்டம் நிமிர்ந்து உட்கார்ந்தது. பாண்டிமாதேவியின் சிலம்பில் முத்து, கண்ணகையின் சிலம்பில் மாணிக்கம்.

திரும்பி வரும்போது ஐயா சொன்னதை அப்படியே எழுதி வைக்கிறேன். "எங்கட ஆளாலதான் அந்த வழக்கு வந்தது மகள். அவன் தெரியாமச் செய்யல்ல. முத்து ஒரு சத்தம், கல்லு ஒரு சத்தம். தட்டாருக்குக் குலுக்கினாலே விளங்கும். தெரிஞ்சுதான் பொய் சொன்னான்."

சிறுவயதிலிருந்து கேட்டுவரும் கதையில் இந்தப் பக்கம் எனக்குத் தோன்றியதே இல்லை. உடைக்காமலே உண்மை தெரிந்த ஒருவன் அங்கே இருந்திருக்கிறான், வாய் திறக்கவில்லை. என் சிலம்பு பார்க்கிற பொருளாக இருந்தால் போதாது, கேட்கிற பொருளாக வேண்டும். குழாயின் உள்வளைவில் நீளமாக ஒரு மெல்லிய வெட்டு விட்டால் சத்தம் திறந்து வரும். உள்ளே இருப்பதும் காலோடு ஒட்டி மறைந்துவிடும். தறைகிறதுக்கு முன்னால் அதைச் செய்துவிட வேண்டும்.

யூன் 9, திங்கள்

வெட்டியாயிற்று, மூன்றும் தறைந்தாயிற்று. அம்மம்மாவின் கையில் கொடுத்தேன். "என்னகா இது, செம்பா? எத்தின பவுணுக்குச் சமன்?" என்றுதான் தொடங்கினா. மறுகா காதுக்குக் கிட்டக் கொண்டுபோய்க் குலுக்கினா. நெல்லைக் கண நேரத்தில் சொல்லிவிட்டா, அதுவும் காய்ந்த நெல் என்று. வெள்ளிப் பரலை வெண்கலம் என்றா. மூன்றாவதைத் திரும்பத் திரும்பக் குலுக்கிவிட்டு, "இதுக்குள்ள ஒண்டுமில்லை" என்றா. "அதுக்குள்ளதான் பதினாறு வருசம் கிடக்கு" என்றா அம்மா.

யூன் 12, வியாழன்

மிஸ்ஸிடம் காட்டினேன். தன் காலில் ஏற்றி, அறையைச் சுற்றி நடந்து பார்த்தார். பரல்களின் வரி பிடித்திருக்கிறது, தறைந்த ஆணிகளின் தலையை இன்னும் தாழ்த்தித் தட்டச் சொன்னார், குதிக்காலில் உரசுகிறது. சரியான கவனிப்பு. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் உள்ளே இருப்பதை எழுதி வைக்கலாமே என்றார். அதற்கு மட்டும் நான் சம்மதிக்கவில்லை. போட்டு நடக்கிறவர் காதால் கண்டுபிடிக்கட்டும், அல்லது பக்கத்தில் நிற்கிறவரிடம் கேட்கட்டும். கண்ணாடிப் பெட்டியும் வேண்டாம் என்றேன். காட்சி அறையில் ஆறு மீற்றர் வெறும் தரை கேட்டிருக்கிறேன். தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.