போர்ப் படத்து டகோட்டா: கதவைப் பாருங்கள், மூக்கையும் பாருங்கள்

இரண்டாம் உலகப் போரைக் காட்டும் பழைய படங்களில் துருப்பு விமானம் திரையில் வருவது சில நொடிகள்தான். அதற்குள் அது போர்க்காலத் தோற்றத்தில் இருக்கிறதா, பிற்கால விமானத்துக்குச் சாயம் பூசியிருக்கிறார்களா என்று கண்டுபிடிக்க, முதலில் இடப்பக்கப் பின்கதவைப் பாருங்கள்.

டகோட்டா என்று பிரிட்டிஷார் அழைத்த சி-47, டிசி-3 பயணி விமானத்தின் ராணுவ வடிவம். ஜீப் ஏற்றத் தோதாகத் தரையை வலுப்படுத்தி, அகன்ற இரட்டைக் கதவு வைத்தார்கள். அதற்காக, ஒற்றைச் சிறு கதவு தெரிந்ததும் ‘தப்பு’ என்று கூவிவிட வேண்டாம். துருப்புகளுக்கென்றே செய்த சி-53இல் பயணி விமானக் கதவுதான். அதிலிருந்தும் பாராசூட் வீரர்கள் குதித்திருக்கிறார்கள்.

காட்டிக்கொடுப்பவை வேறு: மூக்கில் ரேடார் கூம்பு, அகலப்படுத்திய ஜன்னல், சக்கரத்தை முழுக்க மூடும் கதவு. டகோட்டாவில் சக்கரம் மடங்கிய பிறகும் அதன் கீழ்ப்பகுதி வெளியே துருத்திக்கொண்டிருக்க வேண்டும். மூடியிருந்தால் அது போருக்குப் பின் செய்த மாற்றம்.

படங்கள் அதிகம் சறுக்குவது, சொந்த விமானம் என்று அடையாளம் காட்டப் பூசிய பட்டைகளில்தான். 1943 ஜூலை 11 இரவு, இத்தாலியின் சிசிலித் தீவுக்குத் துருப்புகளைக் கொண்டுபோன 144 அமெரிக்க விமானங்களில் 23 திரும்பவில்லை; அவற்றைச் சுட்டது சொந்தத் தரப்புப் பீரங்கிகளே. பிரான்ஸின் நார்மண்டித் தரையிறக்கத்தில் அது மறுபடி நடக்கக்கூடாது என்றுதான், 1944 ஜூன் தொடக்கத்தில் இறக்கைகளிலும் உடலிலும் வெள்ளை, கறுப்பு மாறிமாறி ஐந்து பட்டைகள் பூசினார்கள். இரட்டை எஞ்சின் விமானத்தில் ஒவ்வொன்றும் 24 அங்குல அகலம். ஒற்றை எஞ்சினில் 18. ஆக, சிசிலிக் காட்சியில் பட்டை இருந்தால் பிழை. பட்டையின் ஓரம் ரம்பம் வைத்து அறுத்ததுபோல் நேராக இருந்தாலும் எனக்கு உறுத்தும். தரையிறக்கத்துக்கு ஓரிரு நாள் முன்னால் கைக்குக் கிடைத்த பிரஷ், துடைப்பம் எல்லாவற்றாலும் இழுத்த கோடு அவ்வளவு சுத்தமாக வராது.

ஜெர்மன் பக்கத் துருப்பு விமானம் யுங்கர்ஸ் 52. மூன்று எஞ்சின், நெளிதகட்டு உடல். ஓர எஞ்சின்கள் இரண்டும் லேசாக வெளிப்பக்கம் திரும்பியிருப்பது கோணல் அல்ல, வடிவமைப்பே அப்படி. ஒரு பக்க எஞ்சின் நின்றால் விமானம் அந்தப் பக்கம் இழுபடுவதை அது குறைக்கும். படங்களில் பறப்பவற்றில் பல, ஸ்பெயினில் உரிமம் பெற்றுக் கட்டிய காசா 352. தூரத்தில் வித்தியாசம் தெரியாது, அதை மன்னித்துவிடலாம். மன்னிக்க முடியாதது குதிக்கும் விதம். ஜெர்மன் பாராசூட்டின் கயிறுகள் தோளில் அல்ல, முதுகுப்பக்கம் ஒரே புள்ளியில் சேரும்; அதனால் வீரர் தலைகுப்புறப் பாய வேண்டும். நின்றவாக்கில் காலை முன்வைத்து இறங்கினால் அது அமெரிக்கப் பாணி.

எஞ்சின் கிளம்பும்போது குபுகுபுவென்று வரும் நீலம் கலந்த வெண்புகை மட்டும் சினிமா ஜோடனை இல்லை. டகோட்டா எஞ்சினில் 14 சிலிண்டர்கள் வட்டமாக நிற்கின்றன. ஓடாமல் நிற்கும்போது எண்ணெய் வடிந்து கீழ் சிலிண்டர்களில் தேங்கும்; கிளப்பியதும் எரிவது அதுதான். நிறையத் தேங்கியிருந்தால் பிஸ்டனால் அதை அமுக்க முடியாது, பிஸ்டனைத் தாங்கும் தண்டு (கனெக்டிங் ராடு) வளைந்துவிடும். அதனால்தான் கிளப்புமுன் ஆட்கள் புரொப்பல்லரைக் கையால் தள்ளிச் சுற்றுகிறார்கள். கியர் இருப்பதால் புரொப்பல்லர் எஞ்சினைவிட மெதுவாகவே சுழலும். எல்லாச் சிலிண்டரும் ஒருமுறை அமுங்கி வர ஒரு முழுச்சுற்று போதாது. நடுவில் முட்டினால் பலம்கொண்டு தள்ளக்கூடாது, கீழ் சிலிண்டரின் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி எண்ணெயை வடிக்க வேண்டும்.