மழையில் சோல்ஹெய்மாயோக்குல்

ஐஸ்லாந்தில் பனியாற்றுக்கென்று நாங்கள் ஒதுக்கி வைத்தது ஒரே நாள். செப்டம்பர் கடைசி வாரம். அன்றைக்குப் பார்த்து விடியும் முன்பே மழை பிடித்துக்கொண்டது. தலைநகர் ரேக்யவிக்கிலிருந்து தென்கிழக்கே இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓட்ட வேண்டும். வைப்பரை நிறுத்தவே முடியவில்லை. செல்யாலாந்ஸ்ஃபாஸ் அருவி தாண்டும்போது, "திரும்பிடலாமா அக்கா?" என்றேன். "வந்தது வந்தாச்சு, நனைஞ்சா நனையட்டும்டா" என்றாள்.

சோல்ஹெய்மாயோக்குல், மிர்தால்ஸ்யோக்குல் என்ற பெரிய பனிக்கவிப்பிலிருந்து நாக்கு நீட்டியதுபோல் இறங்கும் பனியாறு. அந்தக் கவிப்புக்கு அடியில் காட்லா எரிமலை இருக்கிறது. கடைசியாகப் பெரிதாக வெடித்தது 1918-இல். கார் கதவைத் திறந்ததுமே லேசாக கந்தக வாடை வந்தது. பனியாற்றிலிருந்து வரும் நதிக்கு ஊர்க்காரர்கள் வைத்த பட்டப்பெயரே 'நாற்ற ஓடை' என்று பொருள்படுமாம்.

வழிகாட்டியாக வந்த பெண்ணிடம், மழையில் ஒன்றும் தெரியாதோ என்று கேட்டேன். மழை நாள்தான் நல்லது என்றாள். வெயில் அடித்தால் பனியின் மேல்தோல் பொரிந்து, உப்புக்கல் மாதிரி வெளுத்துவிடும். மழை அந்தத் தோலைக் கரைத்து அடித்துக்கொண்டு போய்விடும். பூட்ஸில், பனியில் வழுக்காமல் இருக்க கிராம்பான் என்ற முள் சட்டத்தை மாட்டி மேலே ஏறியதும் அவள் சொன்னது புரிந்தது. வெடிப்புகளுக்குள் அப்படி ஒரு நீலம்! மேகம் கவிந்த அந்த மங்கல் வெளிச்சத்தில், பனி தன் உள்ளிருந்தே ஒளி விடுவதுபோல் இருந்தது.

ஆனால் என்னைக் கட்டிப் போட்டது நீலமல்ல, கறுப்பு. பனியின் மேல் இடுப்பளவு உயரத்தில் கரும் கூம்புகள், கரையான் புற்று போல. எரிமலைச் சாம்பல் குவியல் என்றுதான் நினைத்தேன். அவள் கோடரியின் நுனியால் ஒன்றைச் சுரண்டினாள். விரல் கனத்துக்குத்தான் சாம்பல். உள்ளே முழுக்க பனிக்கட்டி, கண்ணாடி மாதிரி. சாம்பல் மெல்லியதாகப் படிந்தால் வெயிலை உறிஞ்சிப் பனியைச் சீக்கிரம் உருக்கும். தடிமனாகப் படிந்தால் போர்வை மாதிரி மூடிக் காக்கும். சுற்றியுள்ள பனி உருகி இறங்க, போர்த்திய இடம் மட்டும் கூம்பாக நிற்கிறது. சுரண்டிய இடத்தை அவள் கையாலேயே சாம்பல் அள்ளி மூடினாள். அதைப் பார்த்தபோது மனசு என்னவோ செய்தது.

மழைச் சத்தத்துக்கு அடியில் இன்னொரு சத்தமும் கேட்டுக்கொண்டே இருந்தது. உருகிய நீர் பனியைக் குடைந்து ஆழத்துக்குள் விழும் சத்தம். குடைந்த வாய்க்குப் பக்கத்தில் போக விடவில்லை. அக்கா மட்டும் ஒரு சிறிய ஓடையில் பாட்டிலை நிரப்பிக்கொண்டாள்.

அந்தப் பக்கத்து ஊரான ஹ்வோல்ஸ்வோல்லூரில் உள்ள பள்ளிப் பிள்ளைகள் 2010-இலிருந்து ஒவ்வோர் இலையுதிர் காலமும் வந்து, பனியாற்றின் நுனி எவ்வளவு பின்வாங்கியது என்று அளக்கிறார்கள். அந்த அளவுகளைப் பாதையோரம் பலகையில் எழுதி வைத்திருக்கிறார்கள். முன்பு பனி கிடந்த இடத்தில் இப்போது சாம்பல் நிறத்தில் ஒரு ஏரி. ஏழாம் வகுப்புப் பிள்ளைகள். என் அக்கா மகளுக்கும் அதே வயதுதான். அக்கா மழையில் நின்று ஒவ்வோர் எண்ணாகப் படித்தாள். நான் குடையைப் பிடிக்கப் போனேன், காற்று விடவில்லை.

அறைக்கு வந்து சாக்ஸைப் பிழிந்து ஹீட்டர் மேல் போட்டோம். அப்புறம் அக்கா பாட்டிலை எடுத்து விளக்குக்கு நேரே பிடித்தாள். தண்ணீர் தெளிந்திருந்தது. அடியில், மை கொட்டினதுபோல், ஒரு சிட்டிகை காட்லா.