வியாழக்கிழமை வட்டம்: சில நாட்குறிப்புகள்

மார்ச் 6, 2025, வியாழன்

இன்றோடு தம்பி குடியை விட்டு 90 நாள். இந்தக் குறிப்புகளில் யார் பெயரையும் எழுதப்போவதில்லை. குடியை விட்டவர்கள் வியாழன்தோறும் கூடும் எங்கள் வட்டத்தில் வயதில் இளையவன் அவன், அதனால் எல்லாருக்கும் தம்பி.

ஜெபக்கூடத்தின் பின்னறையில் பதினான்கு நாற்காலிகள். ஒன்றரை மாதமாக அவற்றை வட்டமாகப் போடுவதும் முடிந்ததும் அடுக்கி வைப்பதும் அவன்தான். கூடத்தின் சாவியும் அவனிடமே இருக்கிறது. குடியை விட்டவனுக்குப் பகல் எப்படியோ ஓடிவிடும், சாயங்காலம்தான் நகராது. அந்த நேரத்துக்குப் போக ஒரு இடமும் செய்ய ஒரு வேலையும் வேண்டும். கதவு திறக்கட்டும் என்று நாலு பேர் தனக்காகக் காத்திருக்கிறார்கள் என்ற நினைப்பும் வேண்டும். அதற்காகத்தான் சாவியைக் கொடுத்தோம்.

இன்றைய பகிர்வில் அவன் சொன்னது: “நேத்து கனவுல குடிச்சேன். முழிச்சப்ப வாயில ருசி அப்படியே இருந்தது. எல்லாம் போச்சுன்னு அழுதேன். கனவுன்னு தெரிஞ்சதும் இன்னும் அழுதேன்.” யாரும் சிரிக்கவில்லை. நான் விட்டுப் பதினோரு வருடம் ஆகிறது, எனக்கும் அந்தக் கனவு வரும் என்று சொன்னேன். அவன் முகத்தில் ஒரு சுமை இறங்கியது தெரிந்தது.

கூட்டம் முடிந்து போதகர் வந்தார். ஞாயிறு ஆராதனையில் தம்பி எல்லார் முன்னும் தன் கதையைச் சாட்சியாகச் சொன்னால் எத்தனையோ குடும்பங்களுக்கு நம்பிக்கை பிறக்கும் என்றார். தம்பி திரும்பி என்னைப் பார்த்தான். நான் யோசிக்கவே இல்லை. “சொல்லுப்பா” என்றேன்.

மார்ச் 9, ஞாயிறு

சொன்னான், நன்றாகவே சொன்னான். மைக்கைப் பிடித்த கை முதலில் நடுங்கியது, அப்புறம் குரல் உயர்ந்தது. கடைசியில், “இனி என் வாழ்நாள்ல ஒரு சொட்டு தொடமாட்டேன்” என்றான். கூடமே எழுந்து கை தட்டியது. அவன் அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். நானும் கை தட்டினேன்.

வீட்டுக்கு வந்தபின் ஒன்று உறுத்துகிறது. வட்டத்தில் நாங்கள் வாழ்நாள் கணக்கு பேசுவதே இல்லை. ‘இன்று மட்டும்’ என்பதுதான் எங்கள் பேச்சு. அவன் அதை மறந்து சொல்லவில்லை. அத்தனை பேர் முகத்தைப் பார்த்துக்கொண்டு ‘இன்று மட்டும்’ என்று சொன்னால் போதாதே என்று தோன்றியிருக்கும்.

மார்ச் 13, வியாழன்

வந்தான், நாற்காலி போட்டான். தன் முறை வந்தபோது, “நல்லா இருக்கேன், ஸ்தோத்திரம்” என்று மட்டும் சொல்லி அடுத்தவருக்கு விட்டுவிட்டான்.

மார்ச் 20, வியாழன்

பூட்டிய கதவுக்கு வெளியே இருபது நிமிடம் நின்றோம். தம்பி வரவில்லை, போனும் அணைந்திருந்தது. காவலாளியிடம் இருந்த இன்னொரு சாவியை வாங்கித்தான் திறந்தோம். நாற்காலிகளை யார் போடுவது என்று யாரும் பேசிக்கொள்ளவில்லை. எல்லாரும் சேர்ந்தே போட்டோம், அவனுடையதையும் சேர்த்துப் பதினான்கு.

மார்ச் 23, ஞாயிறு

ஆராதனை முடிந்ததும் அவன் வீட்டுக்குப் போனேன். அவன் அம்மா கதவைப் பாதி திறந்து, பின்னால் வேறு யாரும் இல்லை என்று பார்த்த பிறகுதான் முழுதும் திறந்தார். சபை ஆள் யாராவது வந்துவிடுவார்களோ என்ற பயம். அந்தப் பாதிக் கதவு என்னைக் கொன்றுவிட்டது.

சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தான். பதினைந்தாம் தேதியே ஆரம்பித்திருக்கிறான். முதல் நாள் கொஞ்சம்தானாம். “அன்னிக்கே உங்களுக்குப் போன் போட எடுத்தேன் அண்ணே. நம்பரைப் பார்த்துக்கிட்டே இருந்தேன். மைக்குல சொல்லிட்டேனே. எந்த மூஞ்சியோட வர்றது?”

பிறகு தலையணைக்கு அடியிலிருந்து கூடத்தின் சாவியை எடுத்து நீட்டினான். வாங்கிக்கொண்டேன். வாங்கியிருக்கக் கூடாதோ என்று வழி நெடுக நினைத்துக்கொண்டே வந்தேன்.

குடியை விட ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் அமைப்பு வகுத்த பன்னிரண்டு படிகளில் ஐந்தாவது என்ன சொல்கிறது? நம் தவறுகளின் உண்மையான தன்மையைக் கடவுளிடமும் நம்மிடமும் இன்னொரு மனிதரிடமும் ஒப்புக்கொள்ளச் சொல்கிறது. இன்னொரு மனிதர், அதாவது ஒருவர். இருநூறு பேர் அல்ல. இத்தனை வருடம் அந்தப் படியை எத்தனையோ பேருக்கு விளக்கியிருக்கிறேன். மூன்றே மாதம் ஆன பிள்ளையை மேடை ஏற்றியபோது அது எனக்கு நினைவுக்கு வரவில்லை. மூன்று மாதத்தில் தூக்கமே இன்னும் சரியாக வந்திருக்காது. மனசு ஒரு நாள் மேலே இருக்கும், மறுநாள் கீழே கிடக்கும். எனக்கே முதல் தடவை ஐந்தாவது மாதத்தில்தான் சறுக்கியது. அன்று எனக்கு வழிகாட்டிய மூத்தவரான என் ஸ்பான்சரைத் தவிர யாருக்கும் தெரியாது. அதனால்தான் மறுநாளே திரும்பி வர முடிந்தது.

மார்ச் 25, செவ்வாய்

காலை ஐந்தரைக்குத் தம்பியின் அம்மாவிடமிருந்து போன். நேற்று முழுக்க ஒரு சொட்டுக்கூடத் தொடாமல் இருந்திருக்கிறான், நான் வந்துபோன வேகத்தில் ஒரேயடியாக நிறுத்திவிட்டான். இப்போது உடம்பெல்லாம் வேர்வை, கை நடுக்கம், சுவரில் எறும்பு ஊர்கிறது என்கிறானாம். சுவரில் எறும்பே இல்லை.

நான் போய்ச் சேர்ந்தபோது சபை மூப்பர் ஒருவர் முந்தி வந்து ஜெபித்துக்கொண்டிருந்தார். பிசாசு புறப்படும்போது இப்படித்தான் அலைக்கழிக்கும், ஆஸ்பத்திரிக்கு எதற்கு, விசுவாசமாக இருங்கள் என்றார். அவர் பாசத்தில் எனக்குச் சந்தேகம் இல்லை. இருட்டோடு எழுந்து வந்திருக்கிறார். ஆனால் அந்த இடத்தில் நான் விட்டுக்கொடுக்கவில்லை. “ஐயா, ஜெபத்தை நிறுத்த வேண்டாம். வண்டியில் உட்கார்ந்து ஜெபிப்போம், வாங்க” என்று சொல்லித் தம்பியைத் தூக்கி உட்கார வைத்தேன். அவரும் ஏறிக்கொண்டார்.

இதைப் படிப்பவர்களுக்கு ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். நெடுநாள் அதிகமாகக் குடித்தவர் திடீரென்று நிறுத்துவது உயிருக்கே ஆபத்தாகலாம். கடைசிக் குடிக்குப் பின் 6 மணி நேரத்திலிருந்து 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரக்கூடும். பெரும்பாலும் இரண்டாம் நாளிலிருந்து நாலாம் நாளுக்குள், சிலருக்கு நினைவு குழம்பி, இல்லாதது கண்ணில் தெரிந்து, காய்ச்சலும் படபடப்பும் ஏறும் நிலை வரும். கவனிக்காமல் விட்டால் ஆள் போய்விடலாம். மருந்து கொடுத்து, கொஞ்சம் கொஞ்சமாக அதைக் குறைத்து, கூடவே வைட்டமின் பி1 ஏற்றினால் பெரும்பாலானவர்கள் தாண்டிவிடுவார்கள். தம்பிக்கும் அதைத்தான் செய்தார்கள். மத்தியானம் அவன் தூங்கினான். மூப்பர் என் தோளில் கை வைத்து, “எனக்கு இது தெரியாது தம்பி” என்றார். அதைச் சொல்ல எவ்வளவு மனசு வேண்டும்!

மார்ச் 26, புதன்

ஆஸ்பத்திரியில்தான் இருக்கிறேன். மருத்துவர் வெளியே அழைத்துப் பேசினார். அவருக்குப் பெரிய கடவுள் பக்தி எல்லாம் இல்லை, அவரே சொன்னார். ஆனாலும், “இவரை உங்கள் கூட்டத்துக்கு மறுபடி கூட்டிப் போங்கள்” என்றார். மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2020ல் வெளியிட்ட ஒரு ஆய்வுத் தொகுப்பைச் சொன்னார். 27 ஆய்வுகள், பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட ஆட்கள். பன்னிரண்டு படி வழியில் முறையாகச் சேர்த்துவிடப்பட்டவர்களில், மற்ற நல்ல சிகிச்சைகளுக்குப் போனவர்களைவிட அதிகம் பேர் ஒரு வருடம் கழித்தும் முழுதாகக் குடிக்காமல் இருந்திருக்கிறார்கள். “மாத்திரை நான் தருவேன். ராத்திரி எட்டு மணிக்கு அவர் போனை எடுக்க நான் இருக்க மாட்டேன், நீங்கள் இருப்பீர்கள்” என்றார்.

காத்திருக்கும் இடத்தில் இன்னொருவர் உட்கார்ந்திருந்தார், தன் மச்சானுக்காக. அவர்கள் பள்ளிவாசலை ஒட்டி ஒரு வட்டம் நடத்துகிறார்களாம். 1989ல் அமெரிக்காவின் பால்டிமோரில் தொடங்கிய மில்லத்தி இஸ்லாமி என்ற அமைப்பு அதே பன்னிரண்டு படிகளை இஸ்லாத்தின் வழியில் மாற்றி எழுதியிருப்பதாகச் சொன்னார். ஒரு மணி நேரம் பேசினோம். சறுக்கியவர்கள் ஏன் திரும்பி வருவதில்லை என்பதைப் பற்றித்தான் பேச்சு. அவர் சொன்ன காரணமும் நான் சொன்ன காரணமும் ஒன்றே: வெட்கம்.

மார்ச் 27, வியாழன்

நாற்காலிகள் பதினான்கு, வந்தவர்களும் பதினான்கு. போதகரும் வந்து வட்டத்தில் உட்கார்ந்தார்.

ஒருவர் ஆரம்பித்தார்: “சாவி வச்சிருந்த ஆளே இப்படின்னா, வெளியே நம்மளை யார் நம்புவா?” இன்னொருவர், இனி ஆறு மாதம் அவனை எந்தப் பொறுப்பிலும் வைக்கக் கூடாது என்றார். கோபமாகப் பேசினாலும் அடியில் இருந்தது பயம்தான். அவன் விழுந்தால் தானும் விழலாமே என்ற பயம்.

நான் 1935ஆம் வருடக் கதையைச் சொன்னேன். பின்னாளில் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸைத் தொடங்கியவர்களில் ஒருவரான பில் வில்சன், குடியை விட்டு ஐந்து மாதம் ஆனபோது, வேலை விஷயமாக அமெரிக்காவின் ஆக்ரன் ஊருக்குப் போய், அது கைகூடாமல் ஓட்டல் முகப்பில் நிற்கிறார். ஒரு பக்கம் பாரிலிருந்து சிரிப்புச் சத்தம், இன்னொரு பக்கம் தொலைபேசியும் தேவாலயங்களின் பட்டியலும். பாருக்குள் போகாமல் ஒரு போதகருக்குப் போன் போட்டு, தன்னைப் போன்ற இன்னொரு குடிகாரரோடு பேச வேண்டும் என்று கேட்கிறார். அப்படிக் கிடைத்தவர்தான் டாக்டர் பாப் ஸ்மித். இதுவரை எல்லாருக்கும் தெரியும். இதற்குப் பிறகு நடந்ததை நாம் அதிகம் சொல்வதில்லை. டாக்டர் பாப் சில வாரம் நன்றாக இருந்துவிட்டு, ஒரு மருத்துவ மாநாட்டுக்குப் போன இடத்தில் மறுபடி குடித்தார். ஆள் நிலையிழந்து ஊர் திரும்பினார். பில் அவரைத் திட்டவில்லை, உட்கார வைத்துத் தெளியவைத்தார். டாக்டர் பாப் கடைசியாகக் குடித்த நாள் என்று சொல்லப்படும் ஜூன் 10, 1935தான் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் பிறந்த நாளாகக் கொண்டாடப்படுகிறது. சறுக்கி விழுந்து திரும்பி வந்த ஒருவரின் நாளை வைத்துத்தான் அத்தனை பேரும் கணக்கு வைக்கிறார்கள்.

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அப்புறம் போதகர், “நான்தான் கேட்டேன். அவன் மேல் அதை ஏற்றியது நான்” என்றார். நானும் என் பங்கைச் சொன்னேன். ஒரு வருடம் முடியாத யாரையும் இனி மேடை ஏற்றுவதில்லை, அதற்கு மேலும் அவர்களாக வந்து கேட்டால் மட்டும் என்று முடிவாயிற்று. சாவி விஷயம் முடிவாகவில்லை.

ஏப்ரல் 1, செவ்வாய்

வீட்டுக்கு வந்துவிட்டான். இளைத்திருக்கிறான். வியாழன் வருகிறாயா என்று கேட்டேன், பதில் இல்லை. வற்புறுத்தவில்லை.

அவனிடம் சிஸ்டர் இக்னேஷியாவைப் பற்றிச் சொன்னேன். ஆக்ரனில் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் 1939லிருந்து டாக்டர் பாப்போடு சேர்ந்து குடிநோயாளிகளைக் கவனித்த கன்னியாஸ்திரி. குடிப்பவர்களை நோயாளியாகப் பார்க்கவே பல மருத்துவமனைகள் தயங்கிய காலம் அது. குணமாகிப் போகிறவர்கள் கையில் இயேசுவின் திரு இருதயம் பதித்த ஒரு சின்ன அடையாளத்தைக் கொடுப்பாராம். மறுபடி குடிப்பதாக இருந்தால், முதல் மடக்குக்கு முன் இதை என்னிடம் கொண்டுவந்து திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்பாராம். குடிக்கவே மாட்டேன் என்று அவர் சத்தியம் வாங்கவில்லை. குடிக்கும் முன் என்னிடம் வா என்றுதான் கேட்டார்.

தம்பி வெகு நேரம் கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். “அப்போ அன்னிக்கு நான் போன் போட்டிருந்தா நீங்க திட்டியிருக்க மாட்டீங்களா?” என்று கேட்டான்.

இந்தக் கேள்வி அவன் மனதில் இருந்ததே எனக்கு இத்தனை நாள் தெரியாது.

ஏப்ரல் 3, வியாழன்

வரவில்லை. ராத்திரி எட்டேகாலுக்குப் போன் வந்தது. பேச ஒன்றும் இல்லை, சும்மா போட்டேன் என்றான். பதினொரு நிமிடம் சும்மா பேசினோம்.

ஏப்ரல் 10, வியாழன்

வழக்கத்தைவிட அரைமணி முன்னாலேயே போனேன். கூடத்தின் வாசல் படியில் அவன் உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்தான், கண்ணை மட்டும் தூக்கவில்லை. “பதினெட்டு நாள் அண்ணே” என்றான். தொண்ணூறைப் பற்றி அவனும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

சாவி என் சட்டைப்பையில் இருந்தது. பொறுப்பைத் திருப்பிக் கொடுப்பது வட்டம் சேர்ந்து முடிவு செய்ய வேண்டியது. ஆனால் இன்றைக்குக் கதவைத் திறக்க யாரையும் கேட்க வேண்டியதில்லையே. எடுத்து நீட்டினேன். மாத்திரையின் நடுக்கமோ மனசின் நடுக்கமோ, சாவி பூட்டின் வாயில் இரண்டு தடவை உரசி விலகியது. நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். மூன்றாவது தடவை உள்ளே இறங்கித் திரும்பியது.

விளக்கைப் போட்டான். நாற்காலி அடுக்கின் ஒரு பக்கத்தை அவன் பிடிக்க, மறுபக்கத்தை நான் பிடித்தேன். எத்தனை போடட்டும் என்று கேட்டான். போதகரும் வருவார், பதினைந்தாகப் போடு என்றேன்.